சித்தி நல்லா இருக்காங்களா?

"அத்தை, எனக்கு ஒரு சந்தேகம்."

"மேடம்."

"சரி, மேடம் அத்தை, எனக்கு ஒரு சந்தேகம்."

காரை ஓட்டிக்கொண்டிருந்த மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் பார்வையிலேயே ரேடியோ பாதி வெந்திருப்பான். ரேடியோ என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். விற்பனைப் பிரதிநிதி வேலையில் பேசியே ஆட்களை வாங்க வைப்பான் என்று நம்பி எடுத்தார்கள். பேசியே ஓட வைக்கிறான் என்று அனுப்பிவிட்டார்கள். முப்பது வயதைத் தாண்டி வீட்டில் சும்மா கிடந்தவனை, "என் ஆபீஸுக்கு வந்து தொலை" என்று கூட்டிக்கொண்டு போனவர்தான் மேடம். அவனுடைய அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, சொந்த அத்தை. ஆனால் அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் வாசற்படியைத் தாண்டிவிட்டால் அத்தை கிடையாது, மேடம்தான். இந்தச் சட்டத்தை அவன் ஒரு நாளைக்கு எத்தனை முறை மீறினான் என்று அவனுக்கே தெரியாது.

"சந்தேகம் என்ன?" என்றார் மேடம்.

"அந்த மில்லக்கா நம்ம மருந்துக்கடைக்காரரோட அக்காவாவே இருக்கட்டும். பெத்த அப்பனைக் கொன்னவனுக்கு எதுக்கு வாராவாரம் சாப்பாடு தூக்கிட்டுப் போறாங்க? நானா இருந்தா போவேன், ஆனா சாப்பாட்டுல என்ன கலந்திருப்பேன்னு சொல்ல மாட்டேன்."

"அதைக் கேக்கத்தான் போய்க்கிட்டிருக்கோம். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வா."

ரேடியோ வாயை மூடிக்கொண்டான். மூடிக்கொண்டதும் நேற்று ஆபீஸில் வந்து உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்து, அவனுக்கு மனது என்னவோ செய்தது.

மருந்துக்கடைக்காரர் அறுபதை எட்டிப் பார்க்கிற வயது. மடிப்புக் கலையாத சட்டை. மேஜை மேல் வைத்த கைகள் சும்மா இருக்கவில்லை. அங்கே கிடந்த காலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வரிசை வரிசையாக மடித்துக்கொண்டே இருந்தன.

"எங்கப்பா கிராமத்துல விவசாயம் பாத்தவர் மேடம்," என்று ஆரம்பித்தார். "எனக்கு நாலு வயசு இருக்கும்போது செத்துட்டார். ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் எப்படி இருந்தார், என்ன பயிர் வெச்சார், கோவக்காரரா, சிரிச்சுப் பேசுறவரா, ஒண்ணும் தெரியாது. செத்தது மட்டும்தான் தெரியும். ஏன்னா அதை நான் பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"அப்பாவும் சித்தப்பாவும் கிணத்து மேட்டுல சண்டை போட்டுக்கிட்டாங்க. சித்தப்பா தள்ளிவிட்டார். அப்பா உள்ள விழுந்துட்டார். அன்னிக்கே அம்மா என்னைத் தூக்கிட்டு ஊரை விட்டு வந்துட்டாங்க. அக்கா வாசல்ல நின்னு அழுதுட்டிருந்தா. அவளை அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்க மேடம். அது ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

"அம்மாகிட்டக் கேக்கலியா?"

"அவங்க இருந்த வரைக்கும், கேட்டா எழுந்து போயிடுவாங்க. 'சித்தப்பாதானே தள்ளினார்'னு கேட்டா 'ஆமா'ம்பாங்க. அதோட சரி. ஊரை விட்டு வந்த அன்னிக்கு அவங்களுக்குப் புத்தி கலங்கிப் போயிருக்கும்னு நினைக்கிறேன். பஸ்ல வர்ற வழியெல்லாம், 'அம்மானு கூப்பிடு, அம்மானு கூப்பிடு'ன்னு என் தொடையைக் கிள்ளிக்கிட்டே வந்தாங்க."

மேடம் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவர் எதையும் குறித்துக்கொள்கிற ஆளில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

போன வாரம் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து நர்ஸ் போன் செய்திருந்தாள். 'உங்க சித்தப்பா இங்க இருக்கார். கடைசிக் கட்டம். உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார்' என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் போனை வைத்துவிட்டார். வைத்தாரே தவிர, அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

"நான் போனா ஒரே ஒரு வார்த்தைதான் கேப்பேன் மேடம். எங்கப்பாவை ஏண்டா கொன்னேன்னு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பேன். ஆனா நாலு வயசுப் பையன் பாத்தது தப்பா இருந்துட்டா? வேற யாராவது தள்ளியிருந்தா? சாகக்கிடக்குற மனுஷன்கிட்ட அநியாயமா அந்தச் சொல்லைச் சொல்லிட்டேன்னா, அதுக்கு என் கடையில மருந்து கிடையாது. அதான் உங்ககிட்ட வந்தேன். அவன்தானான்னு ஊர்ஜிதமாத் தெரியணும்."

"சித்தப்பாவைப் பத்தி வேற என்ன ஞாபகம் இருக்கு?"

மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவர் நெஞ்சு மேல படுத்துத்தான் தூங்குவேன். அப்பா நெஞ்சு மேல இல்லை. அவன் நெஞ்சு மேல. அதைத்தான் மேடம் தாங்க முடியல."

மாத்திரை அட்டை அதற்குமேல் மடிக்க முடியாமல் ஒரு சின்ன உருண்டையாகிவிட்டிருந்தது.

அவர் போனபிறகு மேடம் இல்லத்துக்குப் போன் போட்டு நர்ஸிடம் பேசினார். கிழவரைப் பார்க்க வருகிற ஒரே ஆள், பக்கத்துக் கிராமத்தில் மாவு மில் நடத்துகிற ஒரு அம்மாள்தானாம். எல்லாருக்கும் மில்லக்கா. 'என்ன உறவோ தெரியாது, சித்தப்பா சித்தப்பாங்கும், அதைக் கேட்டு நாங்களும் சித்தப்பான்னே கூப்பிடுறோம்' என்றாளாம். கையில் இருந்தது அந்த ஒரு நூல்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பயணம்.

மில்லுக்குள் கால் வைத்ததுமே ரேடியோவுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. உள்ளே பட்டை சுழல்கிற சத்தத்தில் காது அடைத்தது. சுவர், கூரை, தராசு, மின்விளக்கு எல்லாவற்றின் மேலும் மாவு. தலையில் துண்டு கட்டியிருந்த ஒரு அம்மாள் மெஷின் வாயிலிருந்து கொட்டுகிற மாவை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இமை மயிர்கூட வெள்ளை.

"ஈரமா இருந்தா அரைக்க மாட்டேன்," என்றார், தலையைத் தூக்காமலே. "காய வெச்சு எடுத்துட்டு வாங்க."

"நாங்க நல்லாக் காஞ்ச பார்ட்டிங்கதான் அக்கா," என்றான் ரேடியோ. "காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடப் படல."

மேடம் அவன் காலை மிதித்தார். பிறகு குரலை உயர்த்தி, "டவுன்ல மருந்துக்கடை வெச்சிருக்காரே, அவர் அனுப்பி வந்திருக்கோம்," என்றார்.

அந்த அம்மாளின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. மாவு தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் வரலியா?"

"வரல. எங்களை அனுப்பியிருக்கார்."

"ஓகோ. ஆள் அனுப்புற அளவுக்குப் பெரிய மனுஷனாயிட்டானா?" என்றார் மில்லக்கா. கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்த மாதிரி ரேடியோவுக்குப் பட்டது. ஒரு தகர டின்னை நகர்த்தி அடுத்த டின்னை வைத்தார். அப்புறம், யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"சித்தி நல்லா இருக்காங்களா?"

"யாரு?" என்றார் மேடம்.

"சித்திதான். அவனைத் தூக்கிட்டுப் போனாங்களே."

"அவங்க தவறிட்டாங்கம்மா. சில வருஷம் ஆச்சு."

மில்லக்கா துண்டின் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மாவா, கண்ணீரா என்று சொல்ல முடியாது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்," என்றார். "சித்தப்பா நான் போறப்பல்லாம் சித்தி வந்தாளா, சித்தி வந்தாளான்னு கேட்டுக்கிட்டுக் கெடக்கார். இனி நான் போய் என்னன்னு சொல்லுவேன்?"

"ஒரே ஒரு கேள்விம்மா. உங்கப்பாவைக் கிணத்துல தள்ளினது அவர்தானா?"

"அவர்தான். அதுல என்ன சந்தேகம்? எங்க ரெண்டு வயலுக்கும் ஒரே கிணறு. யார் வயலுக்கு முதல்ல தண்ணி பாய்ச்சுறதுன்னு சண்டை. கோடையில கிணத்துல தண்ணியே இல்லை, பாறைதான் இருந்துச்சு. தள்ளினவரே இறங்கி, தோள்ல போட்டுத் தூக்கிட்டு மேல வந்தார். வந்து என்ன பிரயோஜனம்? தானாவே ஸ்டேஷனுக்கு நடந்து போய்ச் சொல்லிட்டு ஜெயிலுக்குப் போனார்." வெளியே மூட்டை வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. "அவங்கிட்டப் போய்ச் சொல்லுங்க. வர்றதுன்னா இன்னிக்கே வரச் சொல்லுங்க. நாளைக்குன்னா அவர் இருக்க மாட்டார்."

அவ்வளவுதான். மில்லக்கா வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

இருவரும் வெளியே வந்து, காரின் நிழலில் நின்றார்கள். ரேடியோ தலையில் ஒட்டிய மாவைத் தட்டினான். தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது.

"கேஸ் முடிஞ்சுது மேடம். சித்தப்பாதான் கொன்னார். சொன்னது கொலையானவரோட மகள். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அவங்க ஏன் 'சித்தி'ன்னாங்க?"

"அட, இதென்ன பெரிய கம்பசூத்திரமா? செத்தவருக்கு முதல் தாரம் போய்ச் சேர்ந்திருக்கும். ரெண்டாவதா ஒருத்தியைக் கட்டியிருப்பார். மூத்த தாரத்துப் பொண்ணுக்கு அவ சித்திதானே? அதனாலதான் அந்தம்மா மூத்தவளை விட்டுட்டு, தான் பெத்ததை மட்டும் தூக்கிட்டு ஓடியிருக்கு." சொல்லச் சொல்ல அவனுக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. "ஆங்! இன்னும் கேளுங்க. சாகக்கிடக்குற சித்தப்பா எதுக்கு சித்தி வந்தாளா, சித்தி வந்தாளான்னு உருகுறார்? அண்ணன் கட்டின இளம் பொண்டாட்டி மேல தம்பிக்கு ஒரு இது. தண்ணிச் சண்டையாவது ஒண்ணாவது! உள்ள விவகாரமே வேற."

"அசிங்கமாப் பேசாதே."

"நான் என்ன பண்ணட்டும்? உண்மை அசிங்கமா இருக்கு."

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர். மேடம் கையை நீட்டினார். அதற்குள் ரேடியோ எடுத்துக் காதில் வைத்துவிட்டான்.

"சார், நீங்க பாத்தது சரிதான் சார். அவர்தான். உங்க அக்காவே சொல்லிட்டாங்க. தானாப் போய் போலீஸ்ல சரணடைஞ்சு ஜெயிலுக்கும் போயிருக்கார். இன்னிக்குள்ள வந்தா ஆளைப் பாக்கலாமாம்."

"போதும் தம்பி. இல்லத்துக்கு வெளியிலதான் வண்டியில உக்காந்திருக்கேன். உங்க வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்," என்றது குரல். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"பாத்தீங்களா, ரிசல்ட் உடனே சொல்லணும்," என்று திரும்பியவன், மேடத்தின் முகத்தைப் பார்த்து அடங்கிப் போனான். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

"பஸ்ல எதுக்கு அவரைக் கிள்ளினாங்க?" என்றார் மேடம்.

"எந்த பஸ்?"

"அவங்கம்மா. வர்ற வழியெல்லாம் 'அம்மானு கூப்பிடு'ன்னு கிள்ளிக்கிட்டே வந்தாங்கன்னு சொன்னாரே. பெத்த பிள்ளை அதுவரைக்கும் அவங்களை அம்மானு கூப்பிடல. நீ சொல்ற மாதிரி மூத்தவளுக்குத்தான் அவ சித்தின்னா, இவன் அம்மானுதானே கூப்பிட்டிருப்பான்?"

ரேடியோ போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"என் பொண்ணு சின்னதா இருந்தப்போ என்னை என்னன்னு கூப்பிட்டா, ஞாபகம் இருக்கா?"

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறக்கிற விஷயமா அது! அப்போது எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இவனும் இவன் அக்காமாரும் நாள் முழுக்க "அத்தை, அத்தை" என்று கத்துவதைக் கேட்டுக் கேட்டு, மேடத்தின் மகளும் பெற்ற தாயை "அத்தை" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது டீச்சர், 'பாப்பாவோட அம்மா வரலியா?' என்று கேட்டு, வீடே விழுந்து விழுந்து சிரித்தது. "அத்தைன்னுதான்! அப்பக்கூட எங்கப்பா..." என்று ஆரம்பித்தவனுக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஐயையோ," என்றான். "அத்தை."

இந்த முறை மேடம் அவனைத் திருத்தவில்லை. விடுவிடுவென்று மில்லுக்குள் நடந்தார்.

மில்லக்கா மெஷின் பக்கம் குனிந்திருந்தார். மேடம் அவர் காதருகே போய்க் கேட்டார்: "உங்க தம்பி உங்கப்பாவை என்னன்னு கூப்பிடுவார்?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுவரோரம் போய், சுவிட்சை இழுத்து மெஷினை நிறுத்தினார். பட்டை ஓடி ஓய்ந்தது. சத்தம் அடங்கிய பிறகு அந்த இடம் வேறு இடம் மாதிரி இருந்தது.

"அப்பான்னுதான் கூப்பிடுவான்," என்றார் மில்லக்கா. "நான் எங்கப்பாவை அப்பான்னு கூப்பிடுவேன், அதைப் பாத்து அவனும் அப்பாம்பான். அவனைப் பெத்தவரை நான் சித்தப்பான்னு கூப்பிடுவேன், அவனும் சித்தப்பாம்பான். அவங்கம்மாவை சித்திம்பான். பேச ஆரம்பிச்சதே என் இடுப்புல உக்காந்துக்கிட்டுத்தானே? சித்தப்பா சிரிப்பார். 'உன் மகன் எனக்கு நல்ல பதவி குடுத்திருக்கான் அண்ணே'ன்னு எங்கப்பாகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பெரிசானா தானாச் சரியாயிடும்னு விட்டுட்டாங்க."

"செத்தது உங்கப்பா," என்றார் மேடம் மெதுவாக.

"எங்கப்பாதான். அவனுக்குப் பெரியப்பா."

ரேடியோ மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டான். அரை நூற்றாண்டாக அந்த மனிதர் யாருக்காக அழுதுகொண்டிருக்கிறார், யாரைச் சபித்துக்கொண்டிருக்கிறார்! அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டுத்தானே வந்தார்? அந்த அப்பா சாகவே இல்லை. கட்டிலில் கிடக்கிறார்.

"சித்தி கிளம்பினப்போ நான் வாசல்ல நின்னு அழுதுட்டிருந்தேன்," என்றார் மில்லக்கா. "எங்கம்மா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடந்தா. சித்தி என் கையைப் புடிச்சாங்க. 'இவன் கொலைகாரன் மகனா வளர வேணாம்டி. பள்ளிக்கூடத்துல அப்பா பேரு கேப்பாங்க. உங்கப்பா பேரை நான் எடுத்துக்கட்டுமா?'ன்னு கேட்டாங்க. எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும். எடுத்துக்கோங்க சித்தின்னேன். எங்களைத் தேடி வராதேன்னாங்க, சரின்னேன். அவன் எங்க இருக்கான்னு அப்புறம் தெரிஞ்சப்போகூடப் போகல. இப்ப இந்த மனுஷன் உயிர் போக மாட்டாம இழுத்துக்கிட்டுக் கெடக்கார். அதனாலதான் நர்ஸைப் போன் பண்ணச் சொன்னேன்."

"நீங்க அவரை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான் ரேடியோ. அவன் வாய் அப்படி.

மில்லக்காவின் முகம் இறுகியது. "யார் சொன்னா? மன்னிக்கல. எங்கப்பா மேல வந்தப்போ அவர் தலை இருந்த கோலம் எனக்குத்தான் தெரியும். மன்னிக்கவும் முடியல, ரோட்டுல விடவும் முடியல. சோத்தைக் குடுத்துட்டு வந்துடுவேன். உக்காந்து பேசிக்கிட்டிருக்க மாட்டேன்."

கார் பறந்தது. ரேடியோ போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. மருந்துக்கடைக்காரர் போனை அணைத்து வைத்திருந்தார். இல்லத்து எண்ணையும் போட்டான். அது பிஸியாகவே இருந்தது.

"என் வாயாலதான் கெட்டுது," என்றான். அவனுக்கு அழுகை முட்டியது. "நான் போன்ல உளறாம இருந்திருந்தா..."

"நீ சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை," என்றார் மேடம். "அதுதான் கஷ்டம். யாருமே பொய் சொல்லல. அந்தப் பையனும் பாத்ததைத்தான் சொன்னான். அந்தம்மாவும் 'ஆமா'ன்னுதான் சொன்னாங்க. அவன் பேச்சுல ஒரே ஒரு வார்த்தையைத்தான் திருத்தினாங்க. சித்தியை அம்மாவாக்கினாங்க. மிச்சத்தை அப்படியே விட்டுட்டாங்க."

"நாம போறதுக்குள்ள அவர் கேட்டிருப்பாரா?"

மேடம் வேகத்தைக் கூட்டினார்.

முதியோர் இல்லத்தின் நீளமான வராந்தாவில் பினாயில் வாடை. வரிசையாகக் கதவுகள், கதவுக்குக் கதவு ஒரு சக்கர நாற்காலி. கடைசி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்து, நர்ஸ் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகம் தெளிவாக இருந்தது.

"கேட்டுட்டேன் மேடம். 'எங்கப்பாவை ஏண்டா கொன்னே'ன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"முதல்ல என்னையே பாத்தான். 'யாரை?'ன்னான். 'எங்கப்பாவை. உன் கூடப்பிறந்த அண்ணனை'ன்னேன். மறுபடியும் பாத்தான், ரொம்ப நேரம். நான் அடிச்சுடுவேனோன்னு பயந்துட்டான்னு நினைச்சேன். அப்புறம் ஒத்துக்கிட்டான். 'ஆமாப்பா, உங்கப்பா தங்கமான மனுஷன், நான்தான் பாவி'ன்னான்." கடைக்காரர் தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "அம்மாவைக் கேட்டான். தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டான். நான் கிளம்பினேன். அப்பத்தான் மேடம், என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'ஒரே ஒரு தடவை என்னை சித்தப்பான்னு கூப்பிட்டுட்டுப் போப்பா'ன்னு கெஞ்சினான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்ன நெஞ்சழுத்தம் இருந்தா அப்படிக் கேப்பான்? கையை உதறிட்டு வெளிய வந்துட்டேன்."

ரேடியோவுக்குப் புரிந்துபோனது. கிழவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகன் வாயைத் திறந்து 'எங்கப்பா' என்றதுமே, மனைவி இத்தனை காலம் எதை மூடிக் காப்பாற்றினாள் என்று விளங்கிவிட்டது. 'நான்தாண்டா உன் அப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகன் நல்லவனின் மகனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். தனக்கென்று கேட்டது அந்த ஒரு அழைப்புதான். மகன் அவருக்கு வைத்த பெயர் அது ஒன்றுதானே!

வாழ்க்கையில் முதல்முறையாக ரேடியோவுக்குப் பேசப் பயமாக இருந்தது. மேடத்தைப் பார்த்தான். மேடம் மூடியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற தாயும் மறைத்துவிட்டாள், பெற்ற தகப்பனும் மறைத்துவிட்டார். நடுவில் இவர்கள் யார் உடைப்பதற்கு? உடைக்காமல் போனால் அந்தக் கிழவர் இப்படியே போய்ச் சேருவார். இந்த இரண்டும் மேடத்தின் முகத்தில் ஏறி இறங்குவதை அவன் பார்த்தான்.

"உள்ள போங்க," என்றார் மேடம் கடைசியில். "அவர் கேட்ட மாதிரி ஒரு தடவை கூப்பிட்டுட்டு வாங்க."

"என்ன?" கடைக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க எனக்கு வேலை பாக்குறீங்களா, அவனுக்கா? அவன்தான் கொன்னான்னு உங்க ஆளுதானே போன்ல சொன்னார்?"

"அவர்தான் கொன்னார். அதுல மாத்தமே இல்லை."

"அப்புறம் எதுக்கு?"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குங்க. அதை இப்பவே சொல்லிடலாம். ஆனா சொன்னதுக்கப்புறம் அந்த வார்த்தை உங்க வாயில வராது. வர்ற வரைக்கும் அவருக்கு நேரமும் இருக்காது." மேடம் கதவைக் காட்டினார். "சாகக்கிடக்குற மனுஷன்கிட்ட அநியாயம் பண்ணிடக் கூடாதுன்னுதானே என்கிட்ட வந்தீங்க? அதுக்காகத்தான் சொல்றேன். கூப்பிட்டுட்டு வாங்க. வந்ததும் எல்லாத்தையும் சொல்றேன். அப்புறம் என்னைத் திட்டணும்னா நல்லாத் திட்டுங்க."

கடைக்காரர் அவரை முறைத்தார். ரேடியோவைப் பார்த்தார். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு குழப்பம் வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளவில்லை. இடுக்கில் இரும்புக் கட்டிலின் கால்மாடும், போர்வைக்கு வெளியே தெரிந்த இரண்டு பாதங்களும் தெரிந்தன. கடைக்காரர் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"சித்தப்பா," என்றார். மருந்துச் சீட்டில் எழுதியிருக்கிற பெயரை வாசிக்கிற மாதிரி வறட்டுக் குரல்.

கட்டிலிலிருந்து, "ம்?" என்றது அந்தக் குரல். மெல்லிய குரல்தான். ஆனால் பக்கத்தில் படுத்திருக்கிற சின்னப் பிள்ளை பாதித் தூக்கத்தில் கூப்பிட்டால், தூக்கம் கலையாமல் கேட்போமே, அந்த 'ம்?' அது.

கடைக்காரர் அசையவில்லை. சொன்ன வேலை முடிந்தது, வெளியே வந்துவிடலாம். அவர் வரவில்லை. ஒரு எட்டு முன்னே வைத்தார். இன்னொரு எட்டு வைத்தார். அப்புறம் இடுக்கில் அவர் முதுகு மறைந்துவிட்டது.

"சித்தப்பா," என்று இன்னொரு முறை கேட்டது. இந்த முறை யாரும் கூப்பிடச் சொல்லவில்லை. குரலும் வேறாக இருந்தது. ரேடியோ பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். மேடம் நின்றுகொண்டே இருந்தார்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. வெளியே வந்தவர் கதவைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்தினார். பெஞ்சுக்கு வரவில்லை. கைப்பிடியை விடாமல் அங்கேயே நின்றார்.

"சொல்லுங்க மேடம்," என்றார். "உள்ள இருக்கிறது யாரு?"